குரூஸ் கப்பல்ல சார்ஜ் போடறது எப்படி? முதல் தடவை போறவங்களுக்கு பிளக், அடாப்டர் வழிகாட்டி

குரூஸ் புக் பண்ணினதுலேர்ந்து விசா, இன்சூரன்ஸ், எந்த டெக்குல கேபின், பால்கனி வேணுமா வேணாமான்னு எல்லாத்தையும் அலசி ஆராய்வோம், ஆனா ராத்திரி போனை எங்க சொருகப் போறோம்னு மட்டும் யாரும் யோசிக்கறதே இல்ல. எனக்கு இந்த ஒரு விஷயத்துல தெளிவான பதில் கிடைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. கஸ்டமர் கேர்ல ஒண்ணு சொன்னாங்க, கம்பெனி போட்டிருந்த தடை லிஸ்ட்ல வேற மாதிரி இருந்துச்சு, ஏர்ற அன்னிக்கு செக்யூரிட்டி மூணாவதா ஒண்ணு சொன்னாரு. நீங்களும் அப்படி அல்லாட வேணாம்னுதான் வரிசையா எழுதறேன்.

முழுசா படிக்க நேரமில்லன்னா இத மட்டும் எடுத்துக்கங்க: கேபின்ல பிளக் பாயிண்ட் கம்மிதான், அத அதிகமாக்க என்ன வாங்கலாம்னு அலையாதீங்க, சொருக வேண்டிய சாமானைக் குறைங்க. சின்ன அடாப்டர் ஒண்ணு ரெண்டு, நாலு போர்ட் இருக்கற யூஎஸ்பி சார்ஜர் ஒண்ணு, ஒரு குடும்பத்துக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

1. உங்க கப்பல்ல என்ன சாக்கெட்னு பேர் சொல்லி விசாரிங்க

நிறைய பேர் மாட்டிக்கற இடம் இது. கப்பல் எந்த நாட்டுக்குப் போகுதோ அந்த நாட்டு அடாப்டரை வாங்கிடறாங்க. கப்பல் நார்வே போனாலும் ஜப்பான் போனாலும் கேபின் சுவத்துல இருக்கற சாக்கெட் அதேதான். இறங்கின பிறகோ ஏர்றதுக்கு முன்னாடியோ ஹோட்டல்ல தங்கினாத்தான் அந்த ஊர் அடாப்டர் தேவைப்படும், அது தனிக் கணக்கு.

பெரிய கப்பல்கள்ல பெரும்பாலும் அமெரிக்க சாக்கெட் இருக்கும், அதாவது ரெண்டு தட்டைப் பின், கீழ ஒரு எர்த் ஓட்டை, 110-லேர்ந்து 120 வோல்ட். பக்கத்துலயே ஐரோப்பிய சாக்கெட் ஒண்ணும் இருக்கும், ரெண்டு உருண்டைப் பின், குழியா உள்ள தள்ளி இருக்கும், 220-லேர்ந்து 230 வோல்ட். எம்எஸ்சி, கோஸ்டா மாதிரி இத்தாலிப் பக்கத்துக் கம்பெனிகளோட கப்பல்ல ஐரோப்பிய சாக்கெட்டை நிச்சயமா எதிர்பார்க்கலாம். பிரிட்டிஷ் பயணிகளை வச்சு ஓடற பி அண்ட் ஓ, கியூனார்ட் கப்பல்கள்ல அந்த ஊரு சதுரப் பின் மூணு இருக்கற சாக்கெட்டும் வரும். ஆனா கம்பெனி பேரை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, ஒரே கம்பெனியோட பழைய கப்பலும் புதுக் கப்பலும் இந்த விஷயத்துல ஒட்டவே ஒட்டாது. பழசுன்னா டேபிள் மேல மட்டும் ஒண்ணு ரெண்டு பாயிண்ட் இருக்கும், கட்டில் பக்கம் சுத்தமா இருக்காது. புதுசுன்னா கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் யூஎஸ்பி போர்ட்டே வச்சிருப்பாங்க. பழசையும் நடுவுல நிறுத்தி ரிப்பேர் பார்த்து யூஎஸ்பி வச்சிருக்கலாம், அதனால அஞ்சாறு வருஷத்துக்கு முந்தின வீடியோவை நம்பாதீங்க.

எப்படிப் பார்க்கறது? கப்பல் பேரு, கேபின் வகை ரெண்டையும் போட்டு கேபின் டூர் வீடியோ தேடுங்க, டேபிள் மேல கண்ணாடி பக்கத்துல காட்டறப்போ நிறுத்திப் பாருங்க. அதுலயும் தெரியலன்னா கம்பெனிக்கு மெயில் போடுங்க, போன் பண்ணாதீங்க. மெயில்னா பதில் எழுத்துல கையில இருக்கும், நாளைக்கு யாராவது வேற சொன்னா எடுத்துக் காட்டலாம்.

2. சார்ஜர்ல இருக்கற பொடி எழுத்தைப் படிங்க

அடாப்டர்ங்கறது பின்னோட வடிவத்தை மட்டும்தான் மாத்தும், வோல்ட்டை மாத்தாது. வோல்ட்டை மாத்தறது கன்வெர்ட்டர், அது வேற சாமான். இது ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுதான் பாதிப் பேர் ஹேர் ஸ்ட்ரெயிட்னரைப் பொசுக்கறாங்க.

கொண்டு போற ஒவ்வொண்ணையும் திருப்பிப் பாருங்க, "இன்புட்"னு ஒரு வரி இருக்கும். அதுல 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்னு போட்டிருந்தா கவலையே இல்ல, கப்பல்ல எந்த சாக்கெட்லயும் போடலாம், வடிவம் பொருந்தினா போதும். போன், லேப்டாப், கேமரா, டேப்லெட் சார்ஜர் எல்லாம் இன்னைக்கு அப்படித்தான் வருது. எழுத்து ரொம்பப் பொடியா இருந்தா போன்ல போட்டோ எடுத்து பெருசாக்கிப் படிங்க, அந்த போட்டோவை அழிச்சிடாதீங்க, பின்னாடி வேலைக்கு ஆகும்.

வம்பு வர்றது சூடு பண்ற சாமான்லதான். 120 வோல்ட்னு மட்டும் போட்டிருக்கற ஹேர் டிரையரை அடாப்டர் மாட்டி 230 வோல்ட்ல சொருகினா புகைதான். தலைகீழா, 230 வோல்ட் மட்டும் தாங்கற 1200 வாட் டிரையரை 120 வோல்ட்ல போட்டா ஒண்ணும் ஆகாது, ஆனா பிரயோஜனமும் இல்ல, வோல்ட் கிட்டத்தட்ட பாதியாகறப்போ சூடு கால் பங்குக்கு இறங்கிடும், கையில வர்றது சுமார் 330 வாட்தான். அதுல தலை காயறதுக்குள்ள டின்னர் முடிஞ்சிடும். கேபின்ல அவங்களே ஒரு டிரையர் வச்சிருப்பாங்க, டிராயருக்குள்ள இருக்கும், சுமார்தான் ஆனா வேலை செய்யும். ஸ்ட்ரெயிட்னர் இல்லாம முடியாதுன்னா ரெண்டு வோல்ட்லயும் ஓடறதா பார்த்து வாங்குங்க, அதுக்காக கன்வெர்ட்டர் தூக்கிட்டு வர்றது வெட்டிச் சுமை, கப்பல்ல அத விடுவாங்கங்கற உத்தரவாதமும் இல்ல.

ஹெர்ட்ஸ் பத்தி ஒரு வரி. பெரிய கப்பல்கள்ல பொதுவா 60 ஹெர்ட்ஸ்தான். சார்ஜருக்கு இது ஒரு பொருட்டே இல்ல. ஆனா கரண்டோட துடிப்பை எண்ணி ஓடற பழைய பிளக் கடிகாரம், 50 ஹெர்ட்ஸுக்குச் செஞ்சது, கப்பல்ல ஒரு மணிக்கு 12 நிமிஷம் முன்னாடி ஓடும். அத நம்பி அலாரம் வச்சா எல்லாருக்கும் முன்னாடி டிஃபனுக்குப் போய் நிக்கலாம்.

3. அடாப்டர் வாங்கறப்போ பார்க்க வேண்டியது

எல்லா நாட்டுக்கும் ஒண்ணேன்னு ஒரு கட்டை மாதிரி விக்கறாங்களே, பக்கவாட்டுல தள்ளினா பின் வெளிய வருமே, அத கப்பலுக்கு நான் சிபாரிசு பண்ண மாட்டேன். மூணு காரணம் இருக்கு. அது பெருசு, பக்கத்து சாக்கெட்டை மறைச்சிடும், இருக்கறதே ரெண்டுன்னா ஒண்ணு போச்சு. ஐரோப்பிய சாக்கெட் வட்டமா குழியா இருக்கும்னு சொன்னேன்ல, சதுரக் கட்டை அந்தக் குழிக்குள்ள முழுசா இறங்காது, அரைகுறையா நிக்கும். அப்புறம் கனம். கப்பல் சாக்கெட் நிறைய பேர் சொருகிப் பிடுங்கி லூஸாத்தான் இருக்கும், கடல் கொஞ்சம் ஆடினா கட்டை தானா சாஞ்சு கழண்டுடும், காலையில எழுந்து பார்த்தா போன்ல நாலு சதவீதம்.

சின்னதா, ஒரே வேலை செய்யற அடாப்டரா வாங்குங்க. அமெரிக்கப் பின்னுக்கு ஒண்ணு, ஐரோப்பியப் பின்னுக்கு ஒண்ணுன்னு ரெண்டு வச்சுக்கிட்டா சுவத்துல இருக்கற ரெண்டு வகை சாக்கெட்டையும் ஒரே நேரத்துல உபயோகிக்கலாம், மொத்தமாப் பார்த்தா இதுவே ஒரு பிளக் பாயிண்ட் கூடுதலா கிடைச்ச மாதிரிதான். உங்க சார்ஜர்ல மெல்லிசா ரெண்டு உருண்டைப் பின் இருந்தா ஐரோப்பிய சாக்கெட்ல நேராவே போகும், ஒண்ணும் வாங்க வேணாம். ஆனா மூணு உருண்டைப் பின் இருக்கற தடி பிளக்கை அதுக்குள்ள அழுத்தித் திணிக்காதீங்க, பின்னோட கனம் வேற, எர்த் பின்னுக்கு அங்க இடமே கிடையாது. லேப்டாப் சார்ஜர்ல மூணு பின் இருந்தா எர்த் இருக்கற அடாப்டரா பாருங்க.

யூஎஸ்பி சார்ஜர்தான் இதுல முக்கியம், அடாப்டர்ல மிச்சம் பிடிச்சு அத நல்லதா வாங்குங்க. 65 வாட், மூணு நாலு போர்ட், அதுல குறைஞ்சது ரெண்டு போர்ட் யூஎஸ்பி-சியா இருக்கணும். கேலியம் நைட்ரைடு சார்ஜர்னு விக்கறது சின்னதா இருந்துக்கிட்டே லேப்டாப்பையும் தூக்கும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, 65 வாட்ங்கறது மொத்தக் கணக்கு, நாலையும் சொருகினா பங்கு போட்டுக்கும், லேப்டாப் மெதுவாத்தான் ஏறும். கேபிள் ஒண்ணாவது ரெண்டு மீட்டர் நீளத்துக்கு எடுத்துக்கங்க, டேபிள்லேர்ந்து கட்டிலுக்கு எட்டணும்.

கப்பல் ஏறி வாங்கிக்கலாம்னு விட்டுடாதீங்க. கப்பல்ல கடை இருக்கும், அடாப்டரும் வச்சிருப்பாங்க, விலை கரையில இருக்கறதவிட நல்லாவே கூடுதலா இருக்கும். அதோட கப்பல் துறைமுகத்துல நிக்கற வரைக்கும் அந்தக் கடை மூடியிருக்கும், ஆக முதல் நாள் சாயங்காலம் கிளம்பின பிறகுதான் வாங்கவே முடியும். ரிசப்ஷன்ல இரவல் கேட்டா சில கப்பல்ல குடுப்பாங்க, திருப்பிக் குடுக்கலன்னா உங்க ரூம் கணக்குல ஏத்திடுவாங்க. எல்லாரும் முதல் நாளே போய்க் கேக்கறதால கையிருப்பு தீர்ந்தும் போயிடும்.

4. ஸ்பைக் பஸ்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்: இங்கதான் பை மாட்டும்

இத நிதானமா படிங்க. சர்ஜ் புரொடெக்டர், ஸ்பைக் பஸ்டர், ஸ்பைக் கார்ட்னு, வோல்ட் திடீர்னு எகிறினா (சர்ஜ்ங்கறது அதுதான்) சாமானைக் காப்பாத்தற பாக்ஸுக்கு என்ன பேர் போட்டிருந்தாலும் சரி, அத கப்பலுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. பெரிய குரூஸ் கம்பெனிகள் எல்லாமே தடை பண்ணியிருக்கு. வீட்டுல பாதுகாப்புக்குன்னு வாங்கற சாமானை கப்பல்ல ஏன் பிடுங்கறாங்கன்னு கேக்கத் தோணும், காரணம் இருக்கு.

கரையில வீட்டுக்கு வர்ற ரெண்டு ஒயர்ல ஒண்ணு நியூட்ரல், அத பூமியோட இணைச்சிருப்பாங்க, உயிர், அதாவது தொட்டா ஷாக் அடிக்கற கரண்டு, இருக்கறது இன்னொண்ணுலதான். கப்பல்ல நிறைய இடத்துல அப்படி இணைக்க மாட்டாங்க, ரெண்டு ஒயரும் கப்பலோட இரும்பு உடம்பைப் பொறுத்தவரைக்கும் உயிருள்ளதுதான். எங்கயோ ஒரு ஒயர் உரசி உடம்புல பட்டாலும் மொத்தக் கரண்டும் போயிடக் கூடாதுங்கறதுக்காக இப்படி. நடுக்கடல்ல ஸ்டீயரிங்குக்கே கரண்டு போனா என்ன ஆகும்னு யோசிச்சுக்கங்க. ஆனா ஸ்பைக் பஸ்டர் வீட்டு ஒயரிங்கை மனசுல வச்சு செஞ்சது. உள்ள ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவுல ஒரு பாகம் இருக்கும், ஆஃப் பண்ற சுவிட்ச் ஒரு ஒயரை மட்டும்தான் வெட்டும். கப்பல்ல எங்கயாவது அப்படி ஒயர் உடம்புல பட்டு எர்த் ஃபால்ட் வந்தா அந்தப் பாகம் தாங்காம சூடாகும், ஒரு ஒயரை வெட்டினாலும் இன்னொண்ணு உயிரோடதான் இருக்கும், அங்கேர்ந்து நெருப்பு. அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2013-ல இதுக்குன்னே ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை விட்டிருக்கு. கப்பல்ல தீ பிடிச்சா இறங்கி ரோட்டுல நிக்க முடியாதுல்ல, அதனால இதுல அவங்க கறாரா இருக்கறத நான் குறை சொல்ல மாட்டேன்.

உங்ககிட்ட இருக்கறதுல இந்தச் சமாச்சாரம் இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? அட்டையில ஜூல்னு ஒரு நம்பர் போட்டிருந்தா இருக்கு. "புரொடெக்டட்"னு எழுதி ஒரு குட்டி விளக்கு எரிஞ்சா இருக்கு. டிராவல் அடாப்டர்னு விக்கறதுலயே சிலதுல இத நைசா சேர்த்திருப்பாங்க, பெருமையா அட்டையிலயும் போட்டிருப்பாங்க, அதனால அடாப்டர் அட்டையையும் படிங்க.

சர்ஜ் இல்லாத சாதா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டு போலாமான்னா, அதுக்கு ஒரே பதில் கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறுது, வருஷத்துக்கு வருஷமும் மாறுது. ராயல் கரீபியன் 2024-ல பல சாக்கெட் இருக்கற பாக்ஸையே தடை லிஸ்ட்ல சேர்த்துட்டாங்க, முன்னாடி சர்ஜ் இல்லாதத விட்டுட்டிருந்தாங்க. ஆக, போன வருஷம் போயிட்டு வந்த சொந்தக்காரர் "நான் கொண்டு போனேனே, ஒண்ணும் சொல்லல"ன்னு சொல்றத வச்சு கிளம்பாதீங்க. உங்க கம்பெனியோட தடை லிஸ்டை டிக்கெட் போட்டப்போ ஒரு தடவை, கிளம்பற வாரம் ஒரு தடவை பாருங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து போன்ல வச்சுக்கங்க, டெர்மினல்ல நெட் கிடைக்காம போகலாம். நான் பார்த்த வரைக்கும் ஒயர் தொங்காம நேரா சாக்கெட்ல சொருகற யூஎஸ்பி சார்ஜரை யாரும் தொடல, அதான் ஆரம்பத்துலயே அத சொன்னேன்.

5. வீட்டுலயே வச்சுட்டுப் போக வேண்டிய மத்த சாமான்

அயர்ன் பாக்ஸ், துணி ஸ்டீமர், எலெக்ட்ரிக் கெட்டில், காபி மேக்கர், தண்ணிக்குள்ள போடற ஹீட்டர் காயில், இண்டக்ஷன் அடுப்பு, எதையும் விட மாட்டாங்க. டிராவல் சைஸ்னு சொன்னா விட்டுடுவாங்கன்னு நினைக்காதீங்க, சைஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சட்டை கசங்கியிருந்தா சில கப்பல்ல பயணிகளுக்குன்னே லாண்டரி ரூம் இருக்கும், அங்க அயர்ன் இருக்கும், இல்லன்னா காசு குடுத்து பிரஸ் பண்ணிக்கலாம். வைஃபை ரவுட்டரும் நிறைய கம்பெனியில தடை. குழந்தை பால் பாட்டில் சூடு பண்றது, ஸ்டெரிலைசர் இதெல்லாம் கப்பலே குடுக்குமான்னு முன்கூட்டியே கேட்டுடுங்க.

6. மெடிக்கல் மெஷின் இருந்தா பேப்பர் வேலையை ஒரு மாசம் முன்னாடியே முடிங்க

தூக்கத்துல மூச்சுக்கு சிபாப் மெஷின் வைக்கறவங்க, ஆக்ஸிஜன் மெஷின் இருக்கறவங்க, சார்ஜ் போடற வீல்சேர், நடக்க முடியாதவங்க உட்கார்ந்து போற ஸ்கூட்டர்ல போறவங்க எல்லாருக்கும் கம்பெனியில ஒரு ஸ்பெஷல் நீட்ஸ் ஃபார்ம் இருக்கும். கடைசித் தேதி ஒவ்வொருத்தருக்கும் வேற, ஆனா ஒரு மாசத்துக்கு முன்னாடி அனுப்பிட்டா பெரும்பாலும் மாட்டிக்க மாட்டீங்க. அதுல மெஷின் மாடல், எத்தனை வாட், கட்டில் பக்கம் கரண்டு வேணும், எக்ஸ்டென்ஷன் ஒயர் வேணும்னு தெளிவா எழுதுங்க. கேட்டா அவங்களே அவங்க ஒயரைக் குடுப்பாங்க, அதுதான் பிரச்சனையில்லாத வழி. சிபாப்புக்கு ஊத்த டிஸ்டில்டு வாட்டரும் அதுலயே கேட்டுடுங்க, சில இடத்துல அதுக்குத் தனிக் காசு.

இன்சுலின் வைக்கறவங்க கேபின்ல இருக்கற குட்டி ஃப்ரிட்ஜை நம்பாதீங்க, அது சும்மா சில்லுனு வச்சிருக்கத்தான், பல கப்பல்ல மருந்துக்குத் தேவையான குளிர் வராது. மெடிக்கல் ஃப்ரிட்ஜ்னு தனியா கேளுங்க. ஸ்கூட்டர்னா அத காரிடார்ல நிறுத்தி சார்ஜ் போட விட மாட்டாங்க, கேபினுக்குள்ளதான் போடணும், கதவு அகலத்தையும் கேட்டுக்கங்க. டாக்டர் லெட்டர், ஃபார்முக்கு வந்த பதில் மெயில், மெஷின் லேபிள் போட்டோ இது மூணையும் பிரிண்ட் எடுத்து கைப்பையில வைங்க.

7. பேக் பண்ற அன்னிக்கும் ஏர்ற அன்னிக்கும்

கப்பல் வரைக்கும் விமானத்துல போறீங்கன்னா பவர் பேங்க் கைப்பையில மட்டும்தான் வரணும், செக்-இன் பெட்டியில போடவே கூடாது. 100 வாட் அவர் (பவர் பேங்க்ல எவ்வளவு கரண்டு அடங்கும்ங்கற கணக்கு) வரைக்கும் பொதுவா கேள்வி கேக்க மாட்டாங்க, 100-லேர்ந்து 160 வரைக்கும்னா ஏர்லைன் அனுமதி வாங்கணும், அதுக்கு மேல கிடையாது. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க்னா சுமார் 74 வாட் அவர், தாராளமா போகலாம். மேல எழுத்து அழிஞ்சு போன பவர் பேங்க்னா சில ஏர்போர்ட்ல பிடுங்கிப்பாங்க, புதுசா ஒண்ணு எடுத்துக்கங்க.

துறைமுகத்துல நீங்க குடுக்கற பெரிய பெட்டிகளையும் எக்ஸ்ரேல விடுவாங்க. ஸ்பைக் பஸ்டரோ அயர்ன் பாக்ஸோ தெரிஞ்சா அந்தப் பெட்டி மட்டும் கேபினுக்கு வராது. எல்லார் வாசல்லயும் பெட்டி வந்து நிக்கும், உங்களுது காணோம்னு ராத்திரி வரைக்கும் முழிச்சிட்டிருப்பீங்க, அப்புறம் செக்யூரிட்டி ரூமுக்குப் போய் வரிசையில நின்னு அவங்க முன்னாடியே தொறந்து காட்டணும். அதனால சார்ஜர், அடாப்டர், கேபிள் எல்லாத்தையும் ஒரு சின்னப் பையில போட்டு கையோட வச்சுக்கங்க, பெட்டி தாமதமானாலும் போனுக்கு ஆபத்தில்ல.

8. கேபினுக்குள்ள போனதும்

முதல்ல சாக்கெட்டை எல்லாம் தேடுங்க. டேபிள் மேல பார்த்தாச்சா, டிவி பின்னாடி, கட்டில் தலைமாட்டுக்குப் பின்னாடி, சோஃபா பக்கம் தரைக்கிட்ட, எல்லா இடத்துலயும் கை விட்டுப் பாருங்க. கண்ல படலன்னா ரூம் பார்த்துக்கறவர்கிட்ட கேளுங்க, அவருக்குத் தெரியாத ஓட்டை அந்தக் கேபின்ல இருக்காது. டிவி ஒயரைக் கழட்டிட்டு உங்களத போடாதீங்க.

பாத்ரூம்ல இருக்கறது ஷேவருக்கு மட்டும். பார்க்க சாதா சாக்கெட் மாதிரியே இருக்கும், ஆனா சில பத்து வாட்தான் தாங்கும், ஹேர் டிரையரைப் போட்டா அதுவும் போகும், உங்க மரியாதையும் போகும்.

நிறைய கப்பல்ல கதவுப் பக்கத்துல கார்டு சொருகினாத்தான் லைட் எரியும். கார்டை எடுத்துட்டா சில கப்பல்ல சாக்கெட்லயும் கரண்டு போயிடும், சிலதுல போகாது. சந்தேகமே வேணாம், போனை சார்ஜ்ல போட்டு கார்டை உருவிப் பாருங்க, ஏர்றது நின்னுச்சான்னு தெரிஞ்சிடும். நின்னுச்சுன்னா வெளிய போறப்போ சார்ஜ் போட்டுட்டுப் போற திட்டத்தை மறந்துட்டு குளிக்கற நேரம், தூங்கற நேரத்துல போட்டுக்கங்க.

கேபின் சுவர் பெரும்பாலும் உலோகம்தான், காந்தக் கொக்கி ஒண்ணு ரெண்டு கொண்டு போனா சார்ஜர் கேபிளை அதுல மாட்டித் தொங்க விடலாம், நடக்கற வழியில கால்ல சிக்காது, லூஸ் சாக்கெட்லேர்ந்து இழுத்துக் கழட்டாது. போனை ஏரோபிளேன் மோடுல போட்டு கப்பல் வைஃபையை மட்டும் ஆன் பண்ணுங்க. நடுக்கடல்ல சிக்னல் தேடித் தேடியே பேட்டரி காலியாகும், ஏதாவது சிக்னல் கிடைச்சிட்டா அது இன்னும் மோசம், ரோமிங் பில் எகிறிடும். இத ஒண்ணு பண்ணினாலே சார்ஜ் போடற வேலை பாதி குறையும்.

9. இறங்கறதுக்கு முந்தின ராத்திரி

பெரிய பெட்டிகளை முந்தின ராத்திரியே கேபின் வாசல்ல வைக்கச் சொல்வாங்க. அதுக்குள்ள சார்ஜரைப் போட்டு மூடிடாதீங்க, ராத்திரி போன் சார்ஜ் வேணும், காலையில டாக்ஸிக்கும் போர்டிங் பாஸுக்கும் போன் உயிரோட இருக்கணும். பவர் பேங்க் அந்தப் பெட்டிக்குள்ள இல்லைன்னு உறுதி பண்ணிக்கங்க, சில துறைமுகத்துல பெட்டி நேரா ஏர்லைனுக்கே போயிடும், நடுவுல தொறக்க வாய்ப்பு கிடைக்காது. கட்டில் பின்னாடி சொருகின அடாப்டரைத்தான் எல்லாரும் மறந்துட்டு வர்றாங்க, படுக்கறதுக்கு முன்னாடியே எது எங்க இருக்குன்னு போன்ல எழுதி வச்சுக்கங்க. முதல் நாள் எதையாவது பிடுங்கி வச்சிருந்தாங்கன்னா அப்போ குடுத்த சீட்டு இல்லாம திரும்பக் கிடைக்கறது கஷ்டம். எங்க, எத்தனை மணிக்கு வாங்கிக்கணும்னு ரிசப்ஷன்ல முந்தின நாளே கேட்டுடுங்க, இறங்கற காலையில அங்க நிக்கற கூட்டத்தைப் பார்த்தா சாமானே வேணாம்னு போயிடுவீங்க.